கூட்டமே விளம்பரம்: பிளாக்செயின் திட்டங்களின் விற்பனை முறையும் வணிகர் கவனிக்க வேண்டியவையும்

வணிகத்தில் காசு செலவில்லாத விளம்பரம் ஒன்று உண்டு. திருப்தியடைந்த வாடிக்கையாளர் தம் பக்கத்து வீட்டாரிடம் சொல்லும் நல்ல வார்த்தையே அது. பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரம் கொடுத்தும் வராதவர், உறவினர் ஒருவர் சொன்னார் என்பதற்காக நம் கடையைத் தேடி வருவதை நாம் அனைவரும் அறிவோம். இந்த வாய்வழி விளம்பரத்தையே முதலாகக் கொண்டு, 2009-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் ஒரு புதிய வியாபாரம் வளர்ந்து வருகிறது. பிட்காயின் முதலான கிரிப்டோ நாணயங்களும், அவற்றுக்கு அடிப்படையான பிளாக்செயின் தொழில்நுட்பத்தைக் கொண்டு அமைக்கப்படும் பலவகைத் திட்டங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை.

மளிகை, ஜவுளி, இரும்பு என்று வியாபாரம் செய்யும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இத்திட்டங்களை விற்க வருபவர்கள் முதலில் தேடுவது, ஊரில் பெயரும் பழக்கமும் உள்ள ஆளைத்தான். நாள்தோறும் நூறு பேர் வந்து போகும் கடையின் உரிமையாளரைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்? "நீங்கள் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், சேரும் ஒவ்வொருவருக்கும் உங்களுக்குக் கமிஷன்" என்ற பேச்சு கல்லாவுக்கு முன்னாலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வரத்தான் செய்யும். ஆகவே இந்த விற்பனை முறை எப்படி இயங்குகிறது, அதில் எது நேர்மையானது, எது கண்ணி என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

பொதுப் பேரேடு

முதலில் பிளாக்செயின் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் கடையில் நாள்வழிக் கணக்கும் பேரேடும் நம்மிடமே இருக்கின்றன. வங்கிக் கணக்கோ வங்கியிடம் இருக்கிறது. பிளாக்செயினில் பேரேடு ஒருவரிடம் மட்டும் இருப்பதில்லை. அதன் நகல் உலகெங்கும் உள்ள பல ஆயிரம் கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும். புதிய பதிவு ஒவ்வொன்றும் முந்தைய பதிவுகளோடு சங்கிலிபோல் பிணைக்கப்படுவதால், பழைய பக்கத்தை ஒருவர் தனியாகத் திருத்திவிட முடியாது. திருத்தினால் மற்ற நகல்களோடு ஒத்துப்போகாமல் காட்டிக் கொடுத்துவிடும். இந்தப் பேரேட்டில் பற்று வரவாக எழுதப்படும் அலகைத்தான் நாணயம் என்றும் டோக்கன் என்றும் அழைக்கிறார்கள்.

இதற்குத் தலைமை அலுவலகம் இல்லை, முதலாளி இல்லை என்பது கொள்கை. முதலாளி இல்லாத இடத்தில் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குபவரும் இல்லை. அது மட்டுமல்ல, யாரும் வாங்கிக்கொள்ளாத நாணயம் செல்லாக் காசு. நாலு பேர் மட்டும் வைத்திருக்கும் பேரேடு வெறும் நோட்டுப் புத்தகம். ஆகவே இந்த வியாபாரத்தில் கூட்டம் சேர்ப்பது விளம்பர வேலை மட்டும் அன்று, சரக்கைத் தயாரிக்கும் வேலையும் அதுவேயாகும். கூட்டம் பெரிதானால்தான் சரக்குக்கே மதிப்பு. நம் வியாபாரத்துக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான்.

பிட்காயின் பரவிய விதம்

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் இன்றுவரை அடையாளம் உறுதியாகாத ஒருவரோ ஒரு குழுவோ, 2008 அக்டோபர் இறுதியில் பிட்காயின் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரையை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று பேரேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது. விளம்பரம் எதுவும் இல்லை. பேரேட்டைப் பராமரிக்கத் தம் கணினியைக் கொடுத்தவர்களுக்குப் புதிய நாணயங்கள் கூலியாகக் கிடைத்தன. கூலி பெற்றவர் தாமே அடுத்தவருக்கு எடுத்துச் சொன்னார். 2010-இல் கேட்டவருக்கெல்லாம் ஆளுக்கு 5 பிட்காயின் வீதம் இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. நாம் புது மசாலாத் தூளைச் சின்னப் பொட்டலத்தில் கட்டி மாதிரிக்குக் கொடுப்பதைப் போன்றதே இது.

2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். உண்மையில் பீட்சாக் கடைக்காரர் பிட்காயினை வாங்கவில்லை. கூட்டத்தைச் சேர்ந்த மற்றொருவர் பிட்காயினைத் தாம் பெற்றுக்கொண்டு, கடைக்கு டாலரைச் செலுத்தி வரவழைத்துக் கொடுத்தார். ஆனாலும் இதைக் கொண்டு ஒரு பொருள் வாங்க முடியும் என்று ஊருக்குக் காட்டியதால், அந்த நாளை அக்கூட்டத்தார் இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். ஒரு சரக்குக்குக் கதை எவ்வளவு அவசியம் என்பதற்கு இது சான்று.

இன்று கையாளப்படும் முறைகள்

இலவச வழங்கல் என்பது இவற்றில் முதன்மையானது. இதனை ஏர்டிராப் என்பார்கள். யூனிஸ்வாப் என்பது டோக்கன்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள உதவும் ஏற்பாடு. 2020-இல் சுஷிஸ்வாப் என்ற போட்டித் திட்டம் அதன் நிரலை அப்படியே நகலெடுத்து, கூடுதல் வெகுமதி காட்டி அதன் வாடிக்கையாளர்களை இழுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் யூனிஸ்வாப், செப்டம்பர் 1-க்கு முன் தன்னை ஒரு தடவையேனும் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 டோக்கன்களை வழங்கியது. சில நாட்களிலேயே அதன் சந்தை மதிப்பு ஆயிரம் டாலரைத் தாண்டியது. புது ஆளை இழுக்கக் கொடுக்கும் தள்ளுபடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கே பரிசு பழைய வாடிக்கைக்குப் போயிற்று.

இதில் தொல்லையும் உண்டு. இலவசம் வரும் என்று தெரிந்தால் ஒரே ஆள் நூறு முகவரி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். பண்டிகைப் பரிசுக்கு வீட்டில் உள்ள எல்லோர் பெயரிலும் கூப்பன் நிரப்பிப் போடுபவரை நாம் பார்த்ததில்லையா? 2023 மார்ச்சில் ஆர்பிட்ரம் என்ற திட்டம் இலவசம் வழங்கியபோது, இத்தகைய இரட்டை முகவரிகளைச் சலித்துக் கழிப்பதையே ஒரு தனி வேலையாகச் செய்ய வேண்டியிருந்தது. மேலும், இலவசமாக வந்ததைப் பலர் அன்றே விற்றுவிட்டுப் போய்விடுவதும் வழக்கம்.

இரண்டாவது, ஓட்டுரிமை. டோக்கன் வைத்திருப்பவர் கட்டணம், செலவு முதலியவற்றில் ஓட்டளிக்கலாம். தமக்கும் பங்குண்டு என்ற எண்ணம் வந்துவிட்டால், கூலியில்லாமலே ஒருவர் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுவார். ஆனால் நம் கூட்டுறவுச் சங்கங்களைப்போல் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது இங்கு வழக்கமில்லை. பெரும்பாலும் டோக்கனுக்கு ஒரு ஓட்டு. எனவே அதிகம் வைத்திருப்பவர் கையே ஓங்கும்.

மூன்றாவது, நகைச்சுவையும் நற்பணியும். 2013 டிசம்பரில் ஒரு நாயின் படத்தைப் போட்டு, வேடிக்கைக்காகவே தொடங்கப்பட்டது டோஜ்காயின். அடுத்த மாதமே அதன் கூட்டத்தார் ஏறத்தாழ 30,000 டாலர் திரட்டி, ஜமைக்காவின் பனிச்சறுக்கு வண்டி வீரர்கள் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிற்குச் செல்ல உதவினார்கள். இந்தச் செய்தியை உலகப் பத்திரிகைகள் தாமாகவே வெளியிட்டன. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் கடையின் பெயர் ஊர் வாயில் நிற்பதுபோல, பல லட்சம் செலவிட்டாலும் கிடைக்காத விளம்பரம் அது.

நான்காவது, ஆள் சேர்ப்பதற்குக் கமிஷன். அளவோடு இருந்தால் இது சாதாரணத் தரகுதான். ஆனால் கண்ணிகள் அனைத்தும் இந்த வழியாகவே வருகின்றன என்பதால் பின்னர் விரிவாகக் காண்போம்.

ஒரு மீனவக் கிராமமும் ஒரு நாடும்

கடைக்காரர் என்ற முறையில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய நிகழ்ச்சி மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடார் நாட்டில் நடந்தது. அந்நாட்டுக் கடற்கரையில் எல் சோன்டே என்ற சிற்றூர் உள்ளது. 2019-இல் பெயர் வெளியிடாத ஒருவர் பிட்காயினாக நன்கொடை அளித்தார். அதை டாலராக மாற்றாமல் பிட்காயினாகவே ஊருக்குள் புழங்கவிட வேண்டும் என்பது நோக்கம். கடற்கரையைத் துப்புரவு செய்தல் போன்ற வேலைகளுக்கு இளைஞர்களுக்கு அதிலேயே கூலி கொடுத்தார்கள். அவர்கள் அதைக் கொண்டு ஊர்க் கடைகளில் சாமான் வாங்கினார்கள். சொல்லிக் கொடுத்தவரும் உள்ளூர், வாங்கியவரும் உள்ளூர், விற்றவரும் உள்ளூர். சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்கலாம். திட்டம் மெல்ல வேர் பிடித்தது.

இதைக் கண்ட அரசு 2021-இல் நாடு முழுமைக்கும் சட்டம் போட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 7 முதல், வாடிக்கையாளர் பிட்காயின் கொடுத்தால் கடைக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அரசின் செயலியில் பதிவு செய்தவருக்கு 30 டாலர் இலவசம். கிராமத்தில் மெல்ல நடந்ததை நாட்டில் ஒரே நாளில் நடத்திவிடலாம் என்று எண்ணினார்கள் போலும். நடந்தது வேறு. பெரும்பாலானோர் 30 டாலரைச் செலவழித்ததோடு செயலியை மறந்தார்கள் என்பது, 2022-இல் வீடு வீடாகச் சென்று கேட்ட பொருளாதார ஆய்வாளர்களின் முடிவு. சட்டம் இருந்தும் ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே பிட்காயினை ஏற்றன. இறுதியில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட கடன் ஒப்பந்தத்தை ஒட்டி, 2025 ஜனவரியில் கட்டாயம் நீக்கப்பட்டது. இப்போது ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் விருப்பம்.

கடைக்காரர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரை நெருங்கியது. ஓராண்டில் 17,000 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. உச்ச விலையில் 100 டாலருக்குச் சரக்கு விற்று, அதைப் பிட்காயினாகவே வைத்திருந்தவர் கையில் 25 டாலர்கூட மிஞ்சியிருக்காது. 2024-இல் அந்தப் பழைய விலையையும் தாண்டி ஏறியது என்பதும் உண்மையே. ஆனால் மொத்த வியாபாரியின் பாக்கியை இரண்டு ஆண்டுக்கு மேல் நிறுத்திவைக்க எந்தச் சில்லறை வியாபாரியால் முடியும்?

கூட்டத்தைக் கட்டளையிட்டும் சேர்க்க முடியாது, காசு கொடுத்தும் நிறுத்திவைக்க முடியாது. பழக்கத்தால் வந்த கூட்டமே நிற்கும். இதுவே அந்நாடு நமக்குச் சொல்லும் பாடம்.

கண்ணி எங்கே இருக்கிறது?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பிட்கனெக்ட் என்ற திட்டம் 2016-இல் தொடங்கியது. பணத்தைப் போட்டால் ஒரு தானியங்கி நிரல் வியாபாரம் செய்து பெரும் லாபம் ஈட்டித் தரும் என்றார்கள். ஆள் சேர்ப்பவருக்கும், அவர் சேர்த்தவர் சேர்ப்பவருக்கும் என்று படிப்படியாகக் கமிஷன் உண்டு. ஊர்தோறும் கூட்டங்கள், பாட்டு, ஆரவாரம். 2018 ஜனவரியில் அமெரிக்க மாநில அதிகாரிகள் தடை எச்சரிக்கை விடுத்த சில நாட்களில் திட்டம் மூடப்பட்டது. அதன் நாணயம் ஒரே நாளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. முதலீட்டாளர்களிடமிருந்து சுமார் 240 கோடி டாலர் திரட்டப்பட்டது என்கிறது அமெரிக்க அரசு வழக்கு. அங்கே அத்திட்டத்தின் தலைமை முகவராக இருந்தவருக்கு 2022-இல் 38 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் அத்திட்டத்தை நிறுவியவர் அல்லர், ஆள் சேர்த்தவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒன்காயின் இதனினும் மோசம். 2014-இல் பல்கேரியாவில் தொடங்கிய இத்திட்டத்தில் உண்மையான பிளாக்செயின் பேரேடே கிடையாது. "பயிற்சித் தொகுப்பு" என்ற பெயரில் பணம் வாங்கி, அடுக்கடுக்காக ஆள் சேர்த்து, 400 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அதன் தலைவியான ரூஜா இக்னடோவா 2017 அக்டோபரில் மறைந்துவிட்டார். நம் நாட்டில் அதே ஆண்டு ஏப்ரலில், நவி மும்பையில் நடந்த ஒன்காயின் ஆள்சேர்ப்புக் கூட்டத்தில் முகவர்களைக் காவல்துறை கைது செய்தது. தலைமை மறைந்துவிடும், உள்ளூர் முகவர் அகப்பட்டுக்கொள்வார். ஏனென்றால் பணம் கொடுத்தவருக்குத் தெரிந்த முகவரி உள்ளூர் முகவருடையது மட்டுமே.

நல்ல திட்டத்துக்கும் கண்ணிக்கும் மேடை ஒன்றேபோல் தெரியும். இரண்டிலும் கூட்டம் உண்டு, உற்சாகம் உண்டு, இலவசம் உண்டு. பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும்.

1. வெகுமதிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? பயன்படுத்துபவர் செலுத்தும் கட்டணத்திலிருந்து வந்தால் அது வியாபாரம். அடுத்துச் சேருபவர் போடும் பணத்திலிருந்து வந்தால் அது சங்கிலி.

2. நாளை முதல் புது ஆள் ஒருவரும் சேரவில்லை என்றால், ஏற்கனவே உள்ளவருக்கு அதனால் ஏதேனும் பயன் இருக்குமா?

3. பேரேடு எவரும் பார்க்கும்படி திறந்திருக்கிறதா? பிளாக்செயினின் பெருமையே அதுதான். "கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது" என்றால் பிளாக்செயின் என்ற பேச்சுக்கே இடமில்லை.

4. நிச்சய லாபம், மாதம் இவ்வளவு சதவீதம் என்று உறுதி கூறுகிறார்களா? விலை நிலையில்லாத பொருளில் நிலையான வட்டி எப்படி வரும் என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் கிரிப்டோ நாணயத்தை வாங்கி விற்பதற்குத் தடை இல்லை. ஆனால் அது சட்டப்படியான செலாவணி அன்று. 2022 முதல் அதன் லாபத்துக்கு 30 சதவீத வரியும், கைமாறும் தொகையில் 1 சதவீதப் பிடித்தமும் உண்டு. ஒன்றில் ஏற்பட்ட நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க முடியாது. கடைக்குச் சரக்கு விற்ற பணத்துக்குப் பதிலாக இதை வாங்கிக்கொள்ள நினைப்பவர், தம் கணக்காளரிடம் முதலில் கலந்து பேசுவது நல்லது.

ஆள் சேர்ப்பு விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமையானது. 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி, பணச் சுழற்சித் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் ஆள் சேர்ப்பதும் குற்றமே. 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி, இத்தகைய திட்டத்தில் பணம் போடும்படி தெரிந்தே பிறரைத் தூண்டுவது சிறைத் தண்டனைக்குரியது. "நான் முதலாளி அல்ல, எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்" என்ற சமாதானம் எடுபடாது. டோக்கன், காயின் என்று பெயர் மாற்றிக்கொள்வதாலும் தப்பிவிட முடியாது.

நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை

இத்தனையும் சொன்னதால், இந்த முறையே வேண்டாததென்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நல்லவற்றை நம் வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இதற்கு பிளாக்செயின் எதுவும் தேவையில்லை.

புது வாடிக்கையாளரை இழுக்கத் தள்ளுபடி கொடுக்கும் நாம், பத்து ஆண்டாக வந்துபோகும் பழைய வாடிக்கையாளரை மறந்துவிடுகிறோம். யூனிஸ்வாப் செய்ததுபோல், பழையவருக்கு அவர் எதிர்பாராத நேரத்தில் ஒரு மரியாதை செய்தால் அது நாலு தெருவுக்குப் பேச்சாகும். முன்கூட்டியே அறிவித்தால் கூப்பன் கூட்டம்தான் வரும். எந்தச் சரக்கை வைக்கலாம், எந்த நேரத்தில் கடை திறந்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்டு, கேட்டபடி ஒன்றைச் செய்து காட்டினால் கடை தம்முடையது என்ற எண்ணம் அவருக்கு வரும். தீபாவளிச் சீட்டு நடத்துபவர்கள் அதற்குரிய பதிவும் அனுமதியும் பெற்று, கட்டியவர் எப்போது கேட்டாலும் பார்க்கும்படி கணக்கை வைத்தால், எந்தத் தொழில்நுட்பமும் தராத நம்பிக்கை கிடைக்கும். புதிதாக வந்த பணப் பரிமாற்ற முறை எதுவானாலும், எல் சோன்டே கடைக்காரர்களைப்போல் சிறு தொகையில், தெரிந்தவர் துணையோடு பழகிப் பார்த்தபின் விரிவாக்குவது நல்லது.

நம் கடையில் விற்ற அரிசியில் கல் இருந்தால், வாடிக்கையாளர் மறுநாள் கொண்டுவந்து கொட்டுவார், நாம் மாற்றிக் கொடுப்போம், விஷயம் முடிந்தது. நம் வாயால் பரிந்துரைத்த திட்டம் முழுகினால் மாற்றிக் கொடுக்க நம்மிடம் ஏதும் இராது. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை நம் பேச்சை நம்பிப் போட்டவர், மறுபடி நம் கடைப் படி ஏறமாட்டார். அவர் உறவும் ஏறாது. தந்தை காலத்திலிருந்து சேர்த்த பெயர், சில ஆயிரம் ரூபாய்க் கமிஷனில் போய்விடும்.

ஆகவே வணிகப் பெருமக்கள் புதியவற்றைத் தெரிந்துகொள்வதில் முந்தியும், பிறருக்குப் பரிந்துரைப்பதில் பிந்தியும் இருப்பார்களாக. யாரேனும் திட்டத்தோடு கடைக்கு வந்தால் மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்குபவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள்.